அனுமதி உண்டு, பணம் இல்லை!

மாஸ்கோவில் ஒரு நையாண்டி நாவல் மேடையேறிய கதை

சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு நாடகம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். ஹால் கிடைத்துவிடும். கதை தயாராக இருக்கும். நடிக்க ஆள் உண்டு; ஷிப்டு மாற்றிக்கொண்டு ஒத்திகைக்கும் வந்துவிடுவார்கள். கடைசியில் சீன் வாடகை என்று ஒரு கணக்கு வரும். தர்பார் சீன் ஒன்று, தெரு சீன் ஒன்று, காடு ஒன்று என்று எழுதிக் கூட்டினால், வசூலான நன்கொடை முழுவதும் அதற்கே சரியாகிவிடும். காரியதரிசி பேனாவை எடுத்துக் காட்டை அடித்துவிடுவார். கதாநாயகன் காட்டுக்குப் போகாமல் தெருவிலேயே நின்று அழ வேண்டியதுதான்!

உலகப் புகழ் பெற்ற ஒரு நாடகக் குழுவுக்கும் இதே நிலை ஏற்பட்டது. ஊர் மாஸ்கோ. வருஷம் 1977. குழுவின் பெயர் தகான்கா. அவர்கள் போட நினைத்த கதையிலோ சாத்தான் வருகிறான், பேசும் பூனை வருகிறது, ஒரு பெண் ஆகாயத்தில் பறக்கிறாள், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஜெருசலேம் நகரம் வருகிறது. இத்தனைக்கும் புது சீன் செய்ய மேலிடம் பணம் தரவில்லை.

நாடகம் நடந்தது. எப்படி நடந்தது என்பதுதான் விஷயம்.

டிக்கெட் வாங்க வந்த பூனை

நாவலின் பெயர் 'மாஸ்டரும் மார்கரீத்தாவும்'. எழுதியவர் மிகயீல் புல்ககோவ். கார்க்கி, டால்ஸ்டாய், செகாவ் என்ற பெயர்கள் நம்மவர்களுக்குப் பழக்கமானவை. மலிவு விலையில் வந்த ரஷ்யப் புத்தகங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறியவர்கள் உண்டு. புல்ககோவ் அந்த வரிசையில் அதிகம் அடிபட்ட பெயர் அல்ல.

கதை 1930-களின் மாஸ்கோவில் நடக்கிறது. வோலந்த் என்ற பெயரில், வெளிநாட்டு மாந்திரீக நிபுணர் என்று சொல்லிக்கொண்டு, சாத்தான் நகரத்தில் வந்து இறங்குகிறான். கூடவே சில சகாக்கள். அதில் ஒன்று பன்றி அளவு கறுப்புப் பூனை. அது இரண்டு காலில் நடந்து போய் டிராமில் ஏறி, கண்டக்டரம்மாவிடம் பத்துக் காசை நீட்டுகிறது. பூனைகளுக்கு அனுமதி இல்லை, இறங்கு என்று அந்த அம்மாள் கத்துகிறாள். பூனை டிராமில் ஏறியது பெரிதல்ல, அது காசு கொடுத்து டிக்கெட் வாங்க வந்ததுதான் பெரிய அதிசயம். அது யாருக்கும் உறைக்கவில்லையே என்று ஆச்சரியப்படுகிறார் ஆசிரியர். லோக்கல் ரயிலில் சீசன் டிக்கெட்டோடு போகிறவர்கள் இதை நன்றாகவே ரசிக்கலாம்.

சாத்தான் இந்தக் கதையில் பெரிய பாவம் எதுவும் செய்வதில்லை. மனிதர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறான், அவ்வளவுதான். குடியிருப்புக் கமிட்டித் தலைவர் ஒருவர் வீடு விஷயத்தில் லஞ்சம் வாங்கிக் கக்கூஸ் காற்றுத் துவாரத்தில் ஒளித்து வைக்கிறார். சோதனைக்கு வந்தவர்கள் எடுத்துப் பார்த்தால் ரூபிள் அத்தனையும் டாலராக மாறியிருக்கிறது! அந்த நாளில் வெளிநாட்டு நாணயம் வைத்திருந்தால் கம்பிதான்.

இன்னொருவர் கீவ் நகரத்திலிருந்து ரயிலேறி ஓடி வருகிறார். மாஸ்கோவில் அவருடைய உறவுக்காரர் டிராமில் அடிபட்டுச் செத்துவிட்டார். துக்கம் விசாரிக்க வந்ததாகச் சொல்கிறார். உண்மையில் அந்தச் சாவு வீட்டுக்காரரின் குடியிருப்பு தனக்குக் கிடைக்குமா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார். மும்பையில் ஒரு கோலிக்குப் பகடி கொடுத்துப் பழகியவர்களுக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது?

குமாஸ்தாக்களுக்கென்றே ஒரு கட்டம் உண்டு. ஓர் இலாகாத் தலைவர் கோபத்தில் என்னைப் பிசாசு கொண்டு போகட்டும் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிடுகிறார். பிசாசு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆள் மறைந்துவிட்டார். ஆனால் அவர் போட்டிருந்த கோட்டும் சூட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி இருக்கிறது. தலையும் இல்லை, கையும் இல்லை. காலிச் சூட்டு பைல்களில் குறிப்பு எழுதுகிறது, டெலிபோன் பேசுகிறது. காரியதரிசிப் பெண் அலறி அழுகிறாள். பிறகு அதிகாரி திரும்பி வந்துவிடுகிறார். வந்ததும், தாம் இல்லாதபோது சூட்டு எழுதி வைத்த உத்தரவுகளையெல்லாம் படித்துப் பார்க்கிறார். எல்லாம் சரி என்று ஒப்புக்கொள்கிறார்!

இது ஒரு கதை. இதற்குள் இன்னொரு கதை: யேசுவா என்ற ஏழைப் பிரசங்கியைக் குற்றவாளி அல்ல என்று தெரிந்தும், தன் பதவிக்குப் பயந்து சாவுக்கு அனுப்புகிற ரோமாபுரி அதிகாரி பொந்தியு பிலாத்துவின் கதை. மூன்றாவது, அந்தப் பிலாத்துவைப் பற்றி நாவல் எழுதி, பத்திரிகைகளின் வசையைத் தாங்க முடியாமல் அதை அடுப்பில் போட்டு எரித்துவிட்டுப் பைத்திய ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்துவிட்ட எழுத்தாளனின் கதை. அவனுக்குப் பெயர் கிடையாது, வெறும் 'மாஸ்டர்'. அவனுக்காகச் சூனியக்காரியாக மாறவும் துணிகிறாள் காதலி மார்கரீத்தா.

முப்பத்திரண்டு அத்தியாயம், அதற்கு மேல் ஒரு முடிவுரை. இதை ஒரே இரவில் மேடையில் காட்ட வேண்டும்.

டெலிபோனில் வந்த உத்தியோகம்

நாவலைக் காட்சிகளாக வெட்டுகிற வேலை எவ்வளவு கடினம் என்பது புல்ககோவுக்கே தெரியும். அவர் அதைச் சம்பளத்துக்குச் செய்தவர்.

கீவில் பிறந்து, 1916-ல் டாக்டர் பட்டம் வாங்கி, வைத்தியத்தை விட்டுவிட்டு எழுத வந்தவர் அவர். 1926-ல் அவருடைய 'துர்பின் குடும்பத்தின் நாட்கள்' மாஸ்கோ கலை அரங்கில் பெரும் வெற்றி பெற்றது. ஸ்டாலினே பல முறை வந்து பார்த்தார். ஆனால் பத்திரிகைகள் புல்ககோவை விடவில்லை. 1929-க்குள் அவர் நாடகங்கள் அத்தனையும் மேடையிலிருந்து இறக்கப்பட்டன. வருமானம் நின்றது. எழுதிக்கொண்டிருந்த சாத்தான் கதையை 1930-ல் தம் கையாலேயே நெருப்பில் போட்டார். பிறகு சர்க்காருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஒன்று, என்னை வெளிநாடு போக விடுங்கள். இல்லையென்றால் நாடகக் கொட்டகையில் ஏதாவது ஒரு வேலை கொடுங்கள், மேடைத் தொழிலாளியாகவாவது இருந்துகொள்கிறேன் என்பது அதன் சாரம்.

1930 ஏப்ரல் 18-ம் தேதி வீட்டு டெலிபோன் மணி அடித்தது. பேசியவர் ஸ்டாலின். வெளிநாடு போகத்தான் வேண்டுமா என்று கேட்டார். தாய்நாட்டை விட்டு ரஷ்ய எழுத்தாளன் வாழ முடியுமா என்று யோசித்துப் பார்த்ததாகவும், முடியாது என்று தோன்றுவதாகவும் புல்ககோவ் பதில் சொன்னார். கலை அரங்கில் மனுப் போட்டுப் பாருங்கள் என்றது டெலிபோன். மனுப் போட்டார். உதவி டைரக்டர் வேலை கிடைத்தது. பிற்காலத்தில் அவர் மனத்தை அரித்த கேள்வி, அன்று போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்பதுதான்.

அந்த உத்தியோகத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்ட முதல் பெரிய வேலைகளில் ஒன்று, கோகோலின் 'இறந்த ஆன்மாக்கள்' நாவலை நாடகமாக்குவது. 1842-ல் வந்த நாவல் அது. அந்தக் காலத்து ரஷ்யாவில் பண்ணை அடிமைகளை 'ஆன்மா' என்று எண்ணிக் கணக்கு வைத்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று நிலப்பிரபு வரி கட்ட வேண்டும். இடையில் ஒருவன் செத்துப்போனாலும் அடுத்த கணக்கெடுப்பு வரை அவன் ஏட்டில் உயிரோடு இருப்பான். சிச்சிக்கோவ் என்ற தந்திரக்காரன் ஊர் ஊராகப் போய் இந்தச் செத்தவர்களை மலிவாக விலைக்கு வாங்குகிறான். ஏட்டில் இருக்கிற ஆட்களைக் காட்டி அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் அல்லவா? மஸ்டர் ரோலில் செத்தவன் பேருக்குக் கூலி எழுதுகிற வித்தை நம் நாட்டுக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் கோகோலைப் படிக்க வேண்டும்.

இதை நாடகமாக்க முடியாது என்பது புல்ககோவின் கருத்து. கதை என்னவோ சின்னதுதான். அதைச் சொல்கிற கோகோலின் குரல்தான் நாவலே. அந்தக் குரலை மேடைக்கு எப்படிக் கொண்டு வருவது? அவர் ஒரு வழி கண்டார். கோகோல் அந்த நாவலின் பெரும் பகுதியை ரோமாபுரியில் உட்கார்ந்து எழுதினார். ஆகவே ரோமில் இருக்கிற ஆசிரியரையே மேடையில் ஒரு பாத்திரமாக நிறுத்தி, தூரத்திலிருந்து தன் நாட்டைப் பார்த்துப் பேச வைக்கலாம். சொந்த ஊரைப் பற்றி வெளியூரில் இருந்துகொண்டு எழுதினால்தான் சில விஷயங்கள் கண்ணில் படும். அது வேறு விஷயம்.

யோசனை நல்ல யோசனை. ஆனால் ஏற்கப்படவில்லை. மேதை ஸ்தனிஸ்லாவ்ஸ்கி ஒத்திகையைக் கையில் எடுத்துக்கொண்டதும், எல்லாம் நடிகர்களின் நேருக்கு நேர் நடிப்புக்குத் திரும்பியது. ஆசிரியர் பாத்திரம் அடியோடு போயிற்று. 1932 நவம்பரில் அரங்கேறிய அந்த நாடகம் பல பத்து ஆண்டுகள் ஓடியது. சிச்சிக்கோவாக நடித்த தொபோர்கோவ் பிறகு அந்த ஒத்திகைகளைப் பற்றியே ஒரு நல்ல புத்தகம் எழுதினார். நாடகம் வெற்றிதான். ஆனால் புல்ககோவ் மனத்தில் இருந்த நாடகம் அது அல்ல.

அதைவிடப் பெரிய அடி 1936-ல் விழுந்தது. பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரைப் பற்றிப் புல்ககோவ் எழுதிய நாடகத்தை நாலு வருஷத்துக்கு மேல் ஒத்திகை பார்த்து மேடையேற்றினார்கள். ஏழே காட்சிகள். 'பிராவ்தா' பத்திரிகையில் தாக்கி ஒரு கட்டுரை வந்தது, நாடகம் நின்றது. புல்ககோவ் வேலையை விட்டு வெளியேறினார்.

இதற்கிடையில், எரித்த நாவலை ரகசியமாக மறுபடி எழுதிக்கொண்டே இருந்தார். அச்சாகும் என்ற நம்பிக்கை கிடையாது. கடைசியில் சிறுநீரக நோய். கண் பார்வை போய்க்கொண்டிருந்தபோதும் படுக்கையில் இருந்தபடி திருத்தங்களைச் சொல்லச் சொல்ல, மனைவி எலேனா எழுதிக்கொண்டார். 1940 மார்ச் 10-ல் புல்ககோவ் காலமானார். வயது 48.

எலேனா கட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல, இருபத்தாறு வருஷம்! 1966 நவம்பர், 1967 ஜனவரி இதழ்களில் 'மாஸ்க்வா' மாதப் பத்திரிகை நாவலை வெளியிட்டது. அதிலும் தணிக்கையின் கத்தரி பல இடங்களில் விழுந்திருந்தது. இருந்தாலும் மாஸ்கோவே அதைத்தான் படித்தது.

சர்க்கார் சம்பளம், சொந்தப் புத்தி

அந்த நாவலை மேடைக்குக் கொண்டுவர ஆசைப்பட்டவர் யூரி லுபீமொவ். 1917-ல், புரட்சி நடந்த வருஷத்தில் பிறந்தவர். நல்ல நடிகர் என்று பெயர் வாங்கியபின் நாடகப் பள்ளியில் வாத்தியாரானார். தம் மாணவர்களை வைத்து பிரெக்ட் எழுதிய 'செச்சுவானின் நல்ல மனிதன்' நாடகத்தைப் போட்டார். அது பிரமாதமாக அமையவே, அதே மாணவர்களோடு 1964-ல் தகான்கா சதுக்கத்தில் ஒரு பழைய கொட்டகை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

சோவியத் நாட்டில் தனியார் நாடகக் கம்பெனி என்று அப்போது எதுவும் இல்லை. கட்டடம் சர்க்காருடையது, சம்பளம் சர்க்காருடையது, எந்த நாடகம் போடலாம் என்று முடிவு செய்கிற இலாகாவும் சர்க்காருடையது. அப்படிப் பார்த்தால் தகான்காவை சுயேச்சை அரங்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் டிக்கெட்டுக்காக இரவு முழுவதும் பனியில் வரிசையில் நின்ற ஜனங்கள் அதை அப்படித்தான் நினைத்தார்கள். வேறெங்கும் காதில் விழாத தொனி அங்கே விழுந்தது. ஒவ்வொரு நாடகத்துக்கும் அதிகாரிகளோடு மல்லுக்கட்டித்தான் அந்தத் தொனியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

புல்ககோவ் நாவலுக்கு அனுமதி கேட்டு வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் வந்த அனுமதி எப்படிப்பட்டது? 'சோதனை முயற்சி' என்ற பெயரில் செய்துகொள்ளலாம். பணம் மட்டும் கிடையாது. ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கையெழுத்தின் அர்த்தம் தெரியும். இல்லை என்று எழுதினால் பொறுப்பு வரும். உண்டு என்று எழுதினாலும் பொறுப்பு வரும். உண்டு, ஆனால் நிதி ஒதுக்கீடு இல்லை என்று எழுதினால் ஒன்றும் வராது, காரியமும் நடக்காது!

இங்கே காரியம் நடந்துவிட்டது.

கிடங்கைத் திறந்தார்கள்

தகான்காவின் மேடை அமைப்பாளர் டேவிட் பரோவ்ஸ்கி. அவரும் லுபீமொவும் பழைய நாடகங்களின் சாமான்களையே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

முதலில் 'ஹாம்லெட்' திரை. 1971-ல் போட்ட அந்த நாடகத்துக்காகக் கம்பளி நூலில் கனமாக நெய்தது. சாதாரணத் திரை மாதிரி மேலும் கீழும் போகாது. மேடை முழுவதும் எந்தப் பக்கமும் நகரும், சுழலும், ஆளைத் தள்ளும், மறைக்கும். இப்போது அந்தத் திரை ஒரு வீச்சு வீசினால் மாஸ்கோ போய் ஜெருசலேம் வந்தது. மறுவீச்சில் மாஸ்கோ திரும்பியது. நாவலில் இரண்டாயிரம் வருஷத்தைத் தாண்ட ஒரு அத்தியாயத்தின் முடிவு போதும். மேடையில் அந்த வேலையை இந்தக் கம்பளி செய்தது.

'நெரிசல் நேரம்' என்ற நாடகத்துக்குச் செய்த ராட்சதக் கடிகாரப் பெண்டுலம் அடுத்தது. மார்கரீத்தா அதன்மேல் ஏறி ஆடினாள். அதுதான் அவள் ஆகாயத்தில் பறக்கும் காட்சி! கம்பி கட்டித் தூக்கவில்லை, ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. பெண்டுலம் பெண்டுலமாகவே இருந்தது. பார்த்தவர்களுக்கு அவள் பறந்தாள்.

மயகோவ்ஸ்கி கவிதைகளைக் கொண்டு போட்ட நாடகத்திலிருந்து எழுத்துப் பொறித்த பெரிய கட்டைகள் வந்தன. 'தார்த்தூஃப்' நாடகத்திலிருந்து பொன்முலாம் பூசிய சட்டம் வந்தது. அதற்குள் பிலாத்து உட்கார்ந்தான், மாட்டி வைத்த படம் மாதிரி, பதவியில் சிக்கி. இதில் ஒரு பொருத்தம் உண்டு. 'தார்த்தூஃப்' மோலியேர் எழுதியது. அந்தக் காலத்து மன்னராட்சியில் தடை செய்யப்பட்டது. அந்தத் தடையைப் பற்றியதுதான் ஏழு காட்சியோடு நிறுத்தப்பட்ட புல்ககோவின் நாடகம். மோலியேரின் சட்டம், அவருக்காக அடிபட்டவரின் கதைக்கே வந்து சேர்ந்தது.

பணம் கிடைத்திருந்தால் இந்த நாடகம் இவ்வளவு நன்றாக அமைந்திருக்குமா என்பது சந்தேகம். பழக்கப்பட்ட ரசிகர்களுக்கு ஒவ்வொரு சாமானும் தெரிந்த முகம். இந்தத் திரையின் முன்னால்தான் விளாதிமிர் விசோத்ஸ்கி ஹாம்லெட்டாக நின்றார் என்பது அவர்களுக்கு நினைவு வரும். புதிதாகத் தச்சு வேலை செய்து நிறுத்திய சாத்தான் மாளிகை எதுவும் இந்த நினைவைக் கொடுத்திருக்காது. மேலும், நாவலில் சாத்தான் மந்திர வித்தை காட்டுவது ஒரு நாடகக் கொட்டகையில். அதற்குத் தனி சீன் எதற்கு? தகான்காவே கொட்டகை, டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த ஜனங்களே சபையோர். இந்த ஊர் மக்கள் உள்ளுக்குள் மாறியிருக்கிறார்களா என்று வோலந்த் எடை போடுகிறபோது, எடை போடப்படுகிறவர்கள் அவர்கள்தான்.

1977 ஏப்ரல் 6-ம் தேதி அரங்கேற்றம். வோலந்தாக வெனியமின் ஸ்மேகோவ், மார்கரீத்தாவாக நீனா ஷாத்ஸ்கயா. முடிவில் நடிகர்கள் புல்ககோவின் உருவப்படங்களை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அணையா விளக்குப் போல ஒரு சுடர் ஏற்றப்பட்டது. 1932-ல் கோகோலை மேடையில் நிறுத்தலாம் என்று கேட்டு இல்லை என்று சொல்லப்பட்ட மனிதர், நாற்பத்தைந்து வருஷம் கழித்துத் தாமே ஆசிரியராக மேடையில் நின்றார், படமாக.

மீண்டும் 'பிராவ்தா'

டிக்கெட்டுக்கு அடிதடி. இரண்டே மாதத்துக்குள், மே 29-ம் தேதி, 'பிராவ்தா'வில் கட்டுரை வந்துவிட்டது. 'தகான்காவில் கறுப்பு மந்திரக் காட்சி' என்று தலைப்பு. தாக்குதல்தான். 1936-ல் இப்படி ஒரு கட்டுரை வந்ததும் கொட்டகைக்காரர்கள் நடுங்கி நாடகத்தை நிறுத்தினார்கள். இந்தத் தடவை நாடகம் நிற்கவில்லை. காலம் மாறியிருந்தது என்பது ஒரு காரணம். நிறுத்திச் சேமிக்க அதில் சர்க்கார் பணமே போடவில்லை என்று வேடிக்கையாகவும் சொல்லலாம்.

நாடகம் தப்பியது, போட்டவர் தப்பவில்லை. 1983-ல் லண்டனுக்கு ஒரு நாடகம் போடப் போன லுபீமொவ், தம் மீதான கெடுபிடிகளைப் பற்றி அங்கே ஒரு பத்திரிகைக்கு மனம் விட்டுப் பேசினார். 1984-ல் தகான்கா பதவி பறிக்கப்பட்டது. அதே வருஷம் குடியுரிமையும் ரத்தாயிற்று. அவர் கட்டி வளர்த்த அரங்கின் விளம்பரங்களிலேயே அவர் பெயர் நீக்கப்பட்டது. அன்று டெலிபோனில் புல்ககோவ் வேண்டாம் என்ற வெளிநாடு, லுபீமொவுக்கு வேண்டாமலே கிடைத்தது. ஊர் ஊராகப் போய் அந்நிய மேடைகளில் வேலை செய்தார். ஆட்சியின் போக்கு மாறியபின் 1988-ல் மாஸ்கோ வந்தார். மறு வருஷம் குடியுரிமை திரும்பியது. 97 வயது வரை இருந்து 2014-ல் காலமானார்.

எலேனா அரங்கேற்றத்தைப் பார்க்கவில்லை. நாவல் அச்சில் வந்ததைப் பார்த்துவிட்டு, 1970-ல் போய்விட்டார்.

கணவர் இறந்தபின் அவருடைய சமாதிக்கு ஏற்ற கல் கிடைக்காமல் எலேனா அலைந்திருக்கிறார். மாஸ்கோவின் நோவோதெவிச்சி இடுகாட்டில் கல் தச்சர்கள் வேலை செய்யும் கொட்டகையில், கழித்துப் போட்ட கற்களுக்கிடையே கரடுமுரடான பெரிய கறுங்கல் ஒன்று கிடந்தது. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். கோகோலின் பழைய சமாதியில் இருந்தது என்றார்கள். 1931-ல் கோகோலின் எச்சங்களை வேறு இடுகாட்டிலிருந்து தோண்டி இங்கே கொண்டுவந்திருந்தார்கள்; பிற்காலத்தில் புதிய நினைவுச் சின்னம் வைப்பதற்காக இந்தக் கல்லை வேண்டாம் என்று தள்ளிவிட்டார்களாம்.

எலேனா அதை வாங்கிக்கொண்டார். இப்போதும் அது புல்ககோவின் தலைமாட்டில் இருக்கிறது. எலேனாவும் அதே கல்லின் அடியில்தான் இருக்கிறார்.